புருவம் வரை வந்த மாப்பிள்ளை

வில்லேந்தியவன் பேரைத் தாங்கியும் வாழ்நாளில் ஒரு கவட்டைக்கல்கூட எறிந்தறியாதவன். திருமயிலைத் தெற்கு மாடவீதியை ஒட்டிய சந்தில், மூன்றடுக்கு மாளிகையின் முதல் மாடியில், குளத்துக் காற்று வரும் ஜன்னல் ஒன்றும் சாக்கடைக் காற்று வரும் ஜன்னல் ஒன்றுமாக இரு திசைகளையும் ஒருங்கே ஆண்டவன். ஆபீஸ் கோப்பைக் கண்டால் சீறுபவன், கோபம் கொண்டால் தும்முபவன். திருநீறு துலங்கும் அகல்நெற்றியும், ஆண்டுக்கு ஆண்டு பின்னோக்கிப் படையெடுத்து அந்நெற்றி கைப்பற்றிய புதுநிலமும் உடைய வங்கித் துணை மேலாளன், வெற்றிவேட்டிக் கோதண்டபாணி வாழ்க! அவன் மேசைமேல் வீற்றிருந்த கம்ப்யூட்டர் வாழ்க! அந்தக் கம்ப்யூட்டரைக் கடல்கடந்த உலகத்தோடு கட்டிப்போட்டிருந்த ஒற்றை டெலிபோன் கம்பியும், அறுந்து அறுந்து பிழைத்த அதன் ஆயுளும் வாழ்க!

காவிய நாயகனை ‘அவர்’ என்று பாடும் வழக்கம் இல்லை. ஆகவே ஐம்பது தாண்டிய, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு மனிதரை நான் அவன் என்றே பாடப்போகிறேன். அவர் பொறுத்துக்கொள்வார், அவர் மனைவி நீரஜா விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். நாமகளே, என் நாவில் வந்து உட்கார்ந்துகொள்! மின்னலுக்குத் தங்கையாகிய மின்சாரமே, நான் பாடி முடிக்கும் வரை இந்தத் தெருவை விட்டு எங்கும் போய்விடாதே! மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போருக்குக் காரணம் ஒரு முகம். முகத்துக்காகப் போர் மூள்வது புதிதல்ல. ஆனால் அவையெல்லாம் பெண்முகங்கள், பார்த்த முகங்கள். இந்தப் போர் மூண்டதோ ஓர் ஆண்முகத்துக்காக, அதுவும் இந்த வீட்டில் ஒருவரும் இன்னும் பார்த்திராத முகத்துக்காக. கோதண்டபாணியின் ஒரே மகள் ஸ்நேஹா, அடையாற்றுப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அவளுக்கு வந்திருந்த வரன், தி.நகர் சுந்தரராமனின் மகன் ஜெயராம், கலிபோர்னியாவில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. குடும்பமும் பொருந்திவிட்டது. பொருந்தாமல் நின்றது போட்டோ ஒன்றுதான். பையன் வீட்டார் கொடுத்திருந்த படம் அவனுடைய பூணூல் கல்யாணத்தில் எடுத்தது. அதில் மாப்பிள்ளை குடுமியும் பட்டு வேஷ்டியுமாக, ஹோமப் புகைக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாரையோ அழைத்து அழுதுகொண்டிருந்தான்.

“புதுப் போட்டோ இ-மெயில்ல அனுப்பச் சொல்லிட்டேன். விஜயதசமி சாயங்காலம் நாலரைக்கு நானே போன் பண்றேன், பதிலைச் சொல்லிடுங்கோ. திருச்சியிலேர்ந்து இன்னொரு பொண்ணு ஜாதகமும் வந்து காத்துண்டிருக்கு” என்று சுந்தரராமன் முரசறைந்துவிட்டார்.

“முகத்தைப் பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்ப்பா” என்று ஸ்நேஹா சபதம் செய்தாள்.

“பாரு. பாத்துட்டு நீ என்ன சொல்றயோ, அதுதான் இந்த ஆத்துப் பதில்” என்று நாயகன் வாக்குக் கொடுத்தான். கொடுத்தவன் உள்ளத்தில் பதில் ஏற்கெனவே முடிவாகி, மண்டபம் பார்க்கப்பட்டு, நாதஸ்வரத்துக்கு யாரைச் சொல்வது என்பது வரை தீர்மானமாகியிருந்தது. இதை மறைத்துக் காவியம் பாட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் வாக்கு வாக்குதான். படம் வராவிட்டால் ஸ்நேஹா பார்க்காத முகத்துக்குத் தலையாட்ட வேண்டும், அல்லது பார்க்காமலே ஒருவனை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விஜயதசமி புலர்ந்தது. முந்தின நாள் சரஸ்வதி பூஜையில் யாரும் தொடாமல் கொலுவிருந்த படைக்கலங்களை, புனர்பூஜை முடிந்து கற்பூரம் காட்டியதும், நாயகன் அரியணையிலிருந்து எழுப்பினான். சந்தனமும் குங்குமமும் அணிந்த நெற்றியோடு மானிட்டர் கண்விழித்தது. மோடம் என்னும் போர்ச்சங்கை அவன் முழக்கினான். அது டயல் செய்தது, விக்கியது, கொஞ்சநேரம் யோசித்தது, பிறகு வாலை மிதித்துவிட்ட பூனையைப்போல் வீறிட்டு அலறியது. கீழ்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. ஆனால் லைன் கிடைத்துவிட்டது.

ஸ்நேஹா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நீரஜா அடுக்களையிலிருந்து மாவுக்கையோடு வந்து நின்றாள். கடிதம் திறந்தது. அதன் அடியில் படம் இருந்தது. பையன் அதை ஆபீஸ் ஸ்கேனரில் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக எடுத்து அனுப்பியிருந்தான். கடல் தாண்டிப் போனவர்களுக்கு நம் டெலிபோன் கம்பியின் அருமை சீக்கிரம் மறந்துவிடுகிறது.

தலைவனைப் பாடும் புலவர்கள் கேசத்தில் தொடங்கிப் பாதத்தில் முடிப்பது மரபு. இன்டர்நெட்டும் அந்த மரபு வழுவாமல் மேலிருந்து கீழாகவே பாடத் தொடங்கியது. முதலில் வானம்: நீலவானம், நெடுவானம், எப்போது தீரும் என்று தெரியாத அமெரிக்க வானம். அந்த வானம் ஒரு விரற்கடை இறங்குவதற்குள் ஒரு டம்ளர் காபி ஆறி ஆடை கட்டியது. அதன்பின் ஒரு மரத்தின் நுனி. அதன்பின், ஆகா, கேசம்! “முடி இருக்கு!” என்று நீரஜா வெற்றி முழக்கம் செய்தாள். தன் தலையின் வரலாறு அறிந்த நாயகன் அதில் கலந்துகொள்ளவில்லை. அதன்பின் நெற்றி. அதன்பின் புருவம் இரண்டு, இரண்டும் அடர்த்தி. அங்கேயே நின்றான் மாப்பிள்ளை. மோடத்தின் செவ்விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்மூட, லைன் அறுந்தது. பாதி வந்த படம் தங்காது. மறுபடியும் வானத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மறுபடியும் தொடங்கினார்கள். இந்த முறை கேசத்தோடு போயிற்று. அதற்கடுத்த முறை மரத்தோடு போயிற்று. முன்னேற வேண்டிய மாப்பிள்ளை, படையெடுக்கப் படையெடுக்க விண்ணுலகம் நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தான்.

பொங்கி எழுந்தான் கோதண்டபாணி. என் மகள் காண வேண்டிய முகத்தை வழிமறித்து, புருவத்துக்குக் கீழே இறங்கவொட்டாமல் தடுத்துநிற்கும் அற்பப் பகைவன் யாராயினும், அவன் எந்தச் சுவரில் ஒளிந்திருந்தாலும், எந்தக் கம்பியில் தொங்கினாலும், இன்று சூரியன் சாய்வதற்குள் அவனைக் கண்டுபிடித்து, கையும் களவுமாகப் பிடித்து, ஊர் பார்க்க நிறுத்துவேன் என்று வஞ்சினம் உரைத்தான். அப்போது அடுக்களையிலிருந்து ஒரு சிம்மநாதம் கேட்டது. மிக்ஸி.

“இப்படம் பாதம் வரை இறங்கும் மட்டும் இம்மனையில் மிக்ஸி சுழலாது, குளிர்ப்பெட்டி குளிராது, மின்விசிறி அசையாது, கரண்ட் அனைத்தும் கம்ப்யூட்டருக்கே!” என்பது நாயகன் மனத்துள் முழங்கிய அரசாணை. வாய்வழியே வந்தபோது அது, “நீரஜா, அந்த மிக்ஸியை நிறுத்தேன்!” என்று சுருங்கியிருந்தது.

“வடைக்குப் போட்டது பாதியில நிக்கறதுன்னா. உளுந்துக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டாள் நீரஜா.

நியாயமான கேள்வி. ஆனாலும் மிக்ஸி நின்றது, விசிறியும் நின்றது. புரட்டாசிப் புழுக்கத்தில், சுழலாத விசிறியின் கீழ், மூவரும் வியர்வை வழிய வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உளுந்து அரைபடவில்லை. மாப்பிள்ளையும் இறங்கவில்லை.

அடுத்த களம் மொட்டைமாடி. பகைவன் வெளியிலிருந்துதான் வருகிறான் என்று தெளிந்த நாயகன், டெலிபோன் கம்பி போகும் வழியே தானும் போனான்; கைப்பிடிச் சுவர் கடந்து, தண்ணீர்த் தொட்டி கடந்து, கம்பத்திலிருந்து கம்பி வந்து இறங்கும் எல்லைப்புறத்தை அடைந்தான். அங்கே கண்டான் அந்தக் காட்சியை. கம்பி, வில்போல வளைந்து கிடந்தது. அதன்மேல், தண்ணீர் சொட்டச் சொட்ட, சிவப்பு வாயில் துணிப் புடவை ஒன்று கொடிகட்டிப் பறந்தது. மாடி ஒற்றையறையில் குடியிருந்து, லஸ் கார்னரில் பூ விற்று, தன் ஒரே குரலால் நாலு தெருவை எழுப்பும் வல்லமை படைத்த தேவானையின் புடவை அது. நாயகன் அதன் நுனியைப் பற்றினான்.

“இன்னா மாமா, பொடவையப் புட்சி இழுக்கற?” என்று பின்னாலிருந்து இடி இடித்தது.

காவியங்களில் புடவையைப் பிடித்து இழுத்தவர்கள் நல்ல கதி அடைந்ததாக வரலாறு இல்லை. நாயகன் சட்டென்று விட்டுவிட்டான். “டெலிபோன் கம்பிம்மா இது. ஈரத்தைப் போட்டு அழுத்தினா என் இன்டர்நெட் எப்படி வரும்?” என்று தூதுமொழி பேசினான்.

“உன் இன்டர்நெட்டு இன்னா கம்பி மேல நடந்துக்கினா வருது? உள்ள பூந்துதான வருது? நா மேலதான காயப் போட்டுக்கீறேன்?”

இந்த வாதத்தை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பின்னாலேயே வந்த ஸ்நேஹாதான் சமாதானம் பேசினாள்: “அக்கா, மாப்பிள்ளை போட்டோ வந்துண்டிருக்குக்கா. புருவத்தோட நின்னுடறது.”

“அடப்பாவமே! அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?” என்றாள் தேவானை. தன் கையாலேயே புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, “வா, நானும் பாக்குறேன்” என்று முன்னால் நடந்து படியிறங்கினாள். ஆக, எதிர்த்த சேனை நட்புச் சேனையாயிற்று. ஆனால் கீழே வந்து பார்த்தபோது மாப்பிள்ளை கேசத்தைத் தாண்டவில்லை.

மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வீரத்துக்கு எட்டாததை வித்தையால் பிடிக்க எண்ணிய நாயகன், கம்ப்யூட்டரை விற்ற ஆழ்வார்பேட்டை இனாயத்துக்குப் போன் போட்டான். இன்டர்நெட்டுக்கு இருப்பதும் பேச்சுக்கு இருப்பதும் ஒரே கம்பிதான் என்பதால், மாப்பிள்ளையை வானத்துக்கே திருப்பியனுப்பிவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

“சொல்லு சார்... இன்னா? கேக்கல சார்! வூட்ல இன்னா பொரிச்சிக்கினு கீறீங்க? ஒரே சத்தமா கீது!” என்று அங்கிருந்து இனாயத் கத்தினான்.

“உன் கடை வாசல்ல எவனோ பஜ்ஜி போடறாம்ப்பா! அவனை நிறுத்தச் சொல்லு!” என்று இங்கிருந்து கோதண்டபாணி கத்தினான்.

“மோடம் பழசாயிட்ச்சி சார்! புது மாடல் வந்துக்கீது, வாங்கிக்கோ!” என்ற வியாபார மந்திரம் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் எண்ணெயில் மூழ்கியது. நாயகன் ரிசீவரை வைத்துவிட்டு, ஒரு வியாபாரி ஒரு வீரனைக் கைவிட்ட கதையைச் சபைக்கு எடுத்துரைக்கத் தொடங்கினான்.

ஸ்நேஹா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். கொஞ்சநேரம் கேட்டாள். “அப்பா, பொரியற சத்தம் அவர் கடையில இல்லப்பா. யாரும் பேசாதபோதும் பொரியறது. சத்தம் நம்மாத்து லைன்லதான்.”

“நான் இன்னும் எண்ணெய்ச் சட்டியே வைக்கலை” என்று நீரஜா முன்கூட்டியே தன் பக்கத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

கணக்கு டீச்சர் கணக்குப் போட்டாள். “முந்தாநாள் நன்னா வந்துண்டிருந்தது. இன்னிக்கு வரலை. நடுவுல ஒரே ஒரு நாள்தான். நேத்திக்கு இந்த வயரை யாரு தொட்டா?”

நேற்றுச் சரஸ்வதி பூஜை. யாரும் எதையும் தொடக்கூடாத நாள். தொட்டவன் ஒருவன்தான், அதுவும் தொடாத நாளைத் தொடங்கிவைப்பதற்காகத் தொட்டவன். வெற்றிவேட்டிக் கோதண்டபாணியின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. அவன் எழுந்துபோய், அலமாரியை நகர்த்தி, சுவரடியில் டெலிபோன் வயர் வந்து சேரும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியின் முன் மண்டியிட்டான்.

நேற்றும் அதே இடத்தில்தான் மண்டியிட்டிருந்தான். டிவிக்கு ஒரு பொட்டு, ஃபிரிட்ஜுக்கு ஒரு பொட்டு, ஸ்கூட்டருக்கு முன்னும் பின்னும் என்று வீடு முழுக்கச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தவன், இந்தப் பெட்டியைக் கண்டதும் உருகிவிட்டான். உலகத்து வித்தை முழுவதும் இந்தச் சின்னத் துளை வழியாகத்தானே நம் வீட்டுக்குள் வருகிறது, இதற்குப் போய் எல்லாவற்றையும்போல ஒரு பொட்டோடு நிறுத்துவதா என்று எண்ணினான். பிளக்கைக் கழற்றினான். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்துத் துளைக்குள்ளேயே கட்டைவிரலால் அப்பினான். அதன்மேல் குங்குமமும் வைத்து, பிளக்கைத் திரும்பச் செருகி, கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நிறைவாக ஒரு பூஜை செய்ததில்லை.

இப்போது பிளக்கை உருவினான். உள்ளே பாதி உலர்ந்தும் பாதி உலராமலும் மஞ்சளாக, மணக்க மணக்க உட்கார்ந்திருந்தான் பகைவன். அவன் மார்பில் நாயகனின் கட்டைவிரல் ரேகை அச்சுப்போல் பதிந்திருந்தது.

“துரு” என்று கோதண்டபாணி திரும்பிப் பார்க்காமலே அறிவித்தான். “வெறும் துரு. எல்லாம் கடற்காத்து.”

மயிலாப்பூரில் எந்தப் பழியையும் கடற்காற்றின்மேல் போடலாம். அது வந்து மறுத்ததில்லை. ஆனால் நீரஜா குனிந்து ஒருமுறை முகர்ந்தாள்.

“துரு இப்படி மணக்குமான்னா?”

தேவானை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல குடும்பம். நீரஜா தன் வளையலில் கோத்திருந்த ஸேஃப்டி பின்னைக் கழற்றி நீட்டினாள். ஸ்நேஹா டார்ச் அடித்தாள். பகைவனை வேரோடு கல்லி எறிந்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, விசிறிமட்டையால் வீசி உலர்த்தி, நாயகன் பிளக்கைச் செருகியபோது மணி நாலடிக்கப் போயிற்று. வேட்டி முழங்கால் வரை சந்தனமாகியிருந்தது.

சங்கு முழங்கியது. இந்த முறை அலறல் இல்லை, பிசிறு இல்லை. சுருதி சேர்ந்த முழக்கம். வானம் திரைச்சீலையை இழுத்ததுபோல் விறுவிறுவென்று இறங்கியது. மரம் போயிற்று. கேசம் வந்தது, நெற்றி வந்தது, புருவம் வந்தது, நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், புருவம் தாண்டியது! கண்கள் வந்தன. கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் தூக்கம் குறைந்த, கள்ளமில்லாத கண்கள். மூக்கு வந்தது. போட்டோ எடுப்பவர் சொன்னதால் சிரித்த ஒரு சிரிப்பு வந்தது. கட்டம் போட்ட சட்டை, பாக்கெட்டில் நுழைத்த கைகள், கால்சட்டை, கடைசியாக வெள்ளை ஷூ. பாதம் வரை வந்தாயிற்று. நீரஜா கைகூப்பினாள். “ஹீரோ கணக்கா கீறாரு!” என்று தேவானை திருஷ்டி கழித்து விரலைச் சொடுக்கினாள். கோதண்டபாணியின் மனத்தில் நாதஸ்வரம் மல்லாரி வாசித்தது.

ஸ்நேஹா ஸ்டூலைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். அவள் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பார்க்கவேண்டும் என்று காலையிலிருந்து விசிறியில்லாமல் வெந்தவள் அவள்தான். அவசரப்பட்டுப் பார்க்க அவளுக்கு மனசில்லை. குறை ஒன்றும் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் இந்த முகம் எதிரே காபி குடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மாலையிலும் இதே முகம் என்று நினைத்துப் பார்த்தாள். மனசு எழவே இல்லை. வராத விடையை வந்ததாக எழுத அவளுக்குப் பழக்கமும் இல்லை.

“நல்லவராத்தான்ப்பா தெரியறார்” என்றாள். “ஆனா எனக்கு வேண்டாம்ப்பா.”

கோதண்டபாணியிடம் கேள்விகள் இல்லாமலில்லை. ஏன் வேண்டாம், என்ன குறை, ஜாதகம் என்ன ஆவது, திருச்சிக்காரன் சிரிக்க மாட்டானா என்று நூறு அம்புகள் வரிசையாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவனுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. மகளைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. பயந்துகொண்டு அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாயகன் ஓர் அம்பையும் எடுக்கவில்லை. “சரிம்மா” என்றான். லைனைத் துண்டித்தான்.

துண்டித்த மறுகணமே, அதற்காகவே காத்திருந்ததுபோல் டெலிபோன் மணி அடித்தது. “என்ன சார், நாலரையிலேர்ந்து போடறேன், எப்பவும் எங்கேஜ்டாவே இருக்கே!” என்றார் தி.நகர் சுந்தரராமன். அப்போது, உளுந்தை வென்று, விசிறியை அடக்கி, ஈரப்புடவைக்கு ஈடுகொடுத்து, எண்ணெய் பொரியும் கம்பியில் ஏழ்கடலுக்கு அப்பாலிருந்து ஒரு முகத்தைப் புருவம் கடத்திப் பாதம் வரை இறக்கிக் கொண்டுவந்த மாவீரன், தன்னைத் தானே தோற்கடித்த வெற்றிவேட்டியன், கொடுத்த வாக்கைக் கொடுத்தபடி காத்த கோமகன் கோதண்டபாணி, சந்தனம் பூசிய முழங்கால்களோடு நிமிர்ந்து நின்று, ரிசீவரை இரு கையாலும் பற்றி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சுந்தரராமனுக்குச் சொன்னான்:

“போட்டோ நன்னா வந்தது சார், பொண்ணுதான் வேண்டாங்கறா.”